அறையின் ஒலி, ஒரு நிமிடம்

பேட்டி முடிந்தது.
"இன்னும் ஒரு நிமிடம் மட்டும்.
யாரும் பேச வேண்டாம், அசைய வேண்டாம்,
இந்த அறையின் ஒலி எனக்கு வேண்டும்" என்றேன்.

பன்னிரண்டு பேர்
கட்டிலோரங்களில் எழுந்து நின்றார்கள்,
கொடியேற்றத்துக்கு நிற்பதுபோல்.
"சும்மா நிக்கிறதுக்கு ஓவர்டைம் உண்டா?"
செவுகப்பெருமாள் கேட்டதில்
முதல் முயற்சி சிரிப்பில் போனது.

இரண்டாவதில் பதிவானவை:
மூன்று மின்விசிறிகள், ஒன்றுக்கு மட்டும் இருமல்.
ரைஸ் குக்கர் 'டக்' என்று பொத்தான் மாறியது.
துவாஸ் சாலையில் லாரி ஒன்று கியர் இறங்கியது.
மேல்கட்டிலில் யாருடைய கைப்பேசியோ
மணியை அணைத்து வைத்தும்
இரும்புச் சட்டத்தின்மேல் அதிர்ந்தது,
பதினோரு முறை.
யாரும் எடுக்கவில்லை.
அசைய வேண்டாமென்று சொன்னவள் நான்தானே.
கூப்பிட்டது யார் என்று பிறகும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
வாடகை ஒலிவாங்கியை ஒன்பதுக்குள் திருப்பித் தர வேண்டியிருந்தது.

எடிட்டிங்கில் இந்த அமைதிக்கு எடுபிடி வேலைதான்.
ஒருவர் "ஏஜென்ட்டுக்கு மட்டும் ஆறு லட்சம்" என்று சொல்லி
அடுத்த சொல்லுக்குத் தடுமாறிய நேரத்தை
நான் வெட்டி எறிவேன்.
அந்தப் பள்ளம் வெளியே தெரியாமல்
இது போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஆகஸ்டில் ஒரு குரல்பதிவு வந்தது.
"அக்கா, வேலை அனுமதிய ரத்து பண்ணிட்டாங்க.
ஊருக்கு வந்து பத்து நாளாச்சு.
படத்துலேர்ந்து என் மூஞ்சிய எடுத்துடுங்க.
குரலையும்.
கடன் குடுத்தவங்க பாத்தா நல்லாருக்காது."
கொஞ்சம் விட்டு,
"சும்மா நின்னேன்ல, அது வேணா இருந்துட்டுப் போகட்டும்."

எடுத்தேன்.
பதினேழு நிமிடப் பேச்சு, பக்கவாட்டு முகம்,
கையுறையைத் திருப்பிப் போட்டுக் காயவைத்த விரல்கள்,
எல்லாமே.

படத்தில் என்னுடையதென்று ஒரே ஒரு காட்சி:
நான் வளர்ந்த புளோக்கை இடித்த இடம்.
பச்சைத் தடுப்புப் பலகை, அதற்குமேல் பாரந்தூக்கி,
ஐந்தாம் மாடி இருந்த உயரத்தில் வெறும் வானம்.
நஷ்டஈடு கிடைத்தது, புதுவீடும் கிடைத்தது,
குறை சொல்ல ஒன்றுமில்லை.
ஆனால் அந்தக் கூடத்தின் ஒலி
ஒரு நொடிகூட யாரிடமும் இல்லை.
அம்மாவிடம் கேட்டேன்,
"அதையெல்லாமா பிடிச்சு வைப்பாங்க?" என்றார்.

ஊமையாகக் கிடந்த அந்த வானத்துக்கு அடியில்
துவாஸின் ஒரு நிமிடத்தை இழுத்து விட்டேன்.
சரிதானா என்று தெரியவில்லை.
பொருந்தியது. அதுதான் உறுத்தியது.

திரையிட்ட இரவு
அரங்கில் அறுபது பேர் இருந்திருப்பார்கள்.
வானம் வந்தது, மின்விசிறி இருமியது,
பன்னிரண்டு பேர் மூச்சடக்கி நின்றார்கள்,
செவுகப்பெருமாளும்தான், முகமில்லாமல்.
பிறகு அந்த அதிர்வு.

நாலாவது வரிசையில் ஒரு பெண்
இருட்டில் அவசரமாகத்
தன் கைப்பையைத் துழாவினார்.