ஆறுக்குக் குறைவாகத் தருவதில்லை

ஓரின் குபிசெக்கின் களஞ்சியத்தை ஏலம் விட்ட அன்று
நெப்ராஸ்கா வானம் தகரம் போல் இருந்தது.
மூக்கைத் துடைக்கத்தான் கையைத் தூக்கினேன்.
ஒரு தரம், இரண்டு தரம்,
முடிந்தது:
தானியத் தொட்டியின் பலகைகள் முப்பத்தாறு,
டிராக்டர் இருக்கைகள் இரண்டு,
விதைப்பெட்டி ஒன்று, மூடியோடு,
யாரும் கேட்காத ஒரு வாளி துருப்பிடித்த கீல்கள்.
நாற்பத்தைந்து டாலர்.

வண்டியில் ஏற்றும்போது வெர்லின் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

இருக்கைகள் சுலபம்.
பால் கேனின் கழுத்தில் பற்றவைத்து
உட்கார்ந்து பார்த்தேன்.
வேறு யாருடைய பின்புறத்துக்கோ அளவெடுத்த இரும்பு
என்னுடையதை ஏற்க யோசித்தது.

விதைப்பெட்டிக்குக் கால் வைத்ததும்
ஜன்னலோர பெஞ்சு.
படம் பார்த்த அன்றே ஒமாஹாவிலிருந்து டெலாய்ன்
முன்பணம் அனுப்பிவிட்டாள்.
பலகைகளும் அவளுக்குத்தான், எட்டுப் பேர் மேசையாக.
"கண்ணாடி மாதிரி தேய்த்துக் கொடு."

தேய்ப்பு மெஷினோடு குனிந்தபோதுதான்
பென்சில் எழுத்தைப் பார்த்தேன்.
வருடம், மாதம், புஷல் கணக்கு.
ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள்.
ஒரு வருடத்துக்கு நேரே எண்ணே இல்லை,
ஆலங்கட்டி என்று மட்டும்.
அடுத்த வருடம்
எழுத்து கொஞ்சம் சிறுத்திருந்தது.

மெஷினை நிறுத்தினேன்.
உப்புத்தாள் தீர்ந்துவிட்டது என்றேன்.
அலமாரியில் நாற்பது தாள் இருப்பது
வெர்லினுக்கும் தெரியும்.

தீவனக் கடையில் உப்புத்தாள் கடைசி வரிசை.
போகிற வழியில்தான்
மாட்டுத் தொட்டிகளுக்கு மேல்
சிவப்பு விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள்.
உள்ளே, பிறந்து மூன்றே நாளான சத்தம்.
ஒன்றே ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கவா என்றேன்.
கடைப்பையன் கோல்பி பலகையைக் காட்டினான்:
ஆறுக்குக் குறைவாகத் தருவதில்லை.
"நான் வாங்க வரவில்லையே."
"யாருமே வாங்க வருவதில்லை" என்று
அட்டைப்பெட்டியை மடிக்க ஆரம்பித்தான்.

ஆறு சிவப்பு.
நான்கு கருப்பு, பின்னால் வரி ஓடுமாம்.
மூலையில் இடம் மிச்சமிருந்ததால்
எந்த இனமென்று அவனுக்கும் தெரியாத ஒன்று.

பெட்டி ஏது நம்மிடம், என்றான் வெர்லின்.
இருவரும் ஒரே நேரத்தில்
பெஞ்சைத் திரும்பிப் பார்த்தோம்.

மூடியைக் கழற்றி, மரச்சீவல் பரப்பி,
மேசையாக வேண்டிய பலகைகளில் நான்கைச்
சுற்றி நிறுத்திக் காற்றை அடைத்தோம்.
கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள்.
இங்கே மிதிக்கக் கோழி இல்லை.
இருநூற்றைம்பது வாட் பல்புதான் தாய்.
நடுவில் குவிந்தால் குளிர்,
ஓரத்துக்கு ஓடினால் சூடு.
சங்கிலியில் ஒரு கண்ணி ஏற்றி, ஒரு கண்ணி இறக்கி
இரவு மூன்று மணிவரை நின்றேன்.
இனம் தெரியாதது மட்டும்
இரண்டும் பிடிபடாமல்
தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றது.

காலையில் டெலாய்ன் கேட்டாள், எப்போது முடியும்?
ஆறு வாரம்.
எதற்கு அவ்வளவு?
இறகு முளைக்க, என்று சொல்ல வாயெடுத்து
வார்னிஷ் காய, என்றேன்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
ஓரின் விட்ட இடத்துக்குக் கீழே
"ஏப்ரல் ஒன்பது, பதினொன்று" என்று
எழுதிவைத்தான் வெர்லின்.
என்னைக் கேட்கவில்லை.
மறுநாள் விடிவதற்குள் நான் குனிந்து
அதன் கீழே பத்து என்று எழுதவேண்டியிருந்தது.
போனது ஒரு சிவப்பு.
கிண்ணத்தில் நின்றது நன்றாகத் தின்கிறது.

இரவுச் சாப்பாட்டை
ஆளுக்கொரு டிராக்டர் இருக்கையில்
மடியில் தட்டோடு முடித்தோம்.
எட்டுப் பேர் மேசை
பக்கத்து அறையில் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.