ஏழில் மூன்றாவது

டுலூத்தில் பனி வாரும் லாரி ஓட்டுகிறேன்.
இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை
ஏரியிலிருந்து மேடேறும் தெருக்கள் என் பொறுப்பு.
காபிக் கோப்பைக்குப் பக்கத்தில்
தேய்ந்த சோப்புக்கட்டி போல ஒரு மடக்கு போன்.

தன் பெருமை பேச அதற்குத் தெரியாது, நான் பேசுகிறேன்.
மைனஸ் இருபதில் டெர்ரெலின் பெரிய போன்
நாற்பது சதவீதம் என்று காட்டிக்கொண்டே செத்துப்போகும்.
அக்குளில் வைத்து உயிர் கொடுப்பான்.
என்னுடையது ஞாயிறு சார்ஜ் போட்டால் வியாழன் தாங்கும்.
டிப்போவின் உப்பு மலையில் தொலைந்து
இரண்டாம் நாள் மண்வெட்டியில் ஏறி வந்தது.
வந்ததும் அடித்தது. பல் டாக்டர்.
கையுறையோடு அழுத்தலாம்.
நான் எங்கே இருக்கிறேன் என்று எவரும் பார்க்க முடியாது.
நானும்தான்.
தெரியாத ஊரில் பெட்ரோல் பங்க்காரரிடம் வழி கேட்பேன்,
அவர் தன் போனைப் பார்த்துச் சொல்வார்.

சாப்பாட்டுக் கடை மேசையில்
கறுப்புப் புள்ளிகளால் ஒரு சதுரம், அதுதான் மெனு என்றார்கள்.
பக்கத்து மேசைக்காரர் தின்றதையே கேட்டு வாங்கினேன்.
வங்கியின் ரகசிய எண் இதில் வரும்,
அதைப் போட வேண்டிய இடம் வராது.
தங்கை சிக்னேவுக்குப் பெண் பிறந்தபோது
ஒரு சாம்பல் கட்டம் வந்தது: திறக்க இயலாது.
அழகாயிருக்கிறாள் என்று பதில் போட்டேன்.
எழுதுவதும் லேசில்லை. ஒரு எஸ் வேண்டுமானால்
ஏழை நாலு முறை அழுத்த வேண்டும்.
ஏழைதானே, பொறுத்துக்கொள்ளும்.

ஆனால் மூடுகிற சத்தம்!

ஜனவரியில் ஒரு ராத்திரி சிக்னே கூப்பிட்டாள்.
ஏரி உறைந்ததும் இழுத்துப்போய் நிறுத்துவோமே,
ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய மீன்பிடிக் குடில்,
ஒரு அடுப்பு, தரையில் இரண்டு ஓட்டை,
அதை விற்றுவிட்டாளாம். தொள்ளாயிரம் டாலர்.
"உன் பங்கு" என்று ஆரம்பித்தாள்.
டப்.
கண்ணாடியைத் தடவி முடிக்கிறவர்களுக்கு இந்தச் சுகம் தெரியாது,
முழுக் கையால் ஒரு வாக்கியத்தின் கழுத்தைத் திருகுவது.
அந்த டப் அவள் காதில் விழுந்திருக்காது என்பது
இரண்டு தெரு தள்ளித்தான் உறைத்தது.
அவளுக்குக் கேட்டது ஒன்றுமில்லை.

நாலு மணிக்கு எழுதினாள். நீளமாக.
நீளமானதை இது அப்படியே விழுங்காது,
துண்டு போட்டால்தான் இறங்கும்.
முதலில் ஐந்து. பிறகு ஒன்று: "ரைலி, வைத்துவிடாதே, படி."
பிறகு ஏழு, இரண்டு.
பிறகு: இடமில்லை, எதையாவது அழி.
மேட்டின் உச்சியில், மஞ்சள் விளக்கு தலைமேல் சுற்றச் சுற்ற,
நவம்பர் மாத மருந்துக்கடையை அழித்தேன்.
டெர்ரெலின் ஜோக்குகள் பதினொன்றில் பத்தை அழித்தேன்.
நான்கும் ஆறும் வந்தன.
மூன்று வரவில்லை.

இரண்டு இப்படி முடிகிறது: "நான் அதை விற்றதற்குக் காரணம்"
நான்கு இப்படித் தொடங்குகிறது: "அதனால்தான் உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை."

பிளேடை இறக்கிக்கொண்டு கிளம்பினேன்.
தெருவுக்கொரு காரணம் வைத்துப் பார்த்தேன்.
கடன். குழந்தையின் காது ஆபரேஷன்.
அந்தத் தடியன் மறுபடி வேலையை விட்டிருப்பான்.
அல்லது அந்தக் குடிலில் உட்கார்ந்து
என் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருக்கும்.
இது மட்டும் ஒரு தெருவோடு இறங்கவில்லை,
பள்ளிக்கூடம் வரை கூடவே வந்தது.

மூன்றாவதைத் திரும்ப அனுப்பு என்று கேட்கலாம்.
எண்ணிப் பார்த்தேன், முப்பது அழுத்தல்.
ஓகே என்றால் ஐந்து.

கையுறையைக் கழற்றவில்லை.
ஆறு.
ஆறு.
ஆறு.
பிறகு ஐந்து, இரண்டு தரம்.

போய்விட்டது என்று காட்டியது.
சத்தமில்லாமல் மூடப் பார்த்தேன்.
ஸ்பிரிங் விடவில்லை.