சாட்சி எண் ஒன்று

"ஆதார் எடுத்துக்கோ, ஒரு கையெழுத்து வேலை"
என்றுதான் அப்பா போனில் சொன்னார்.
பால் சொசைட்டியில் காலைக் கணக்கை முடித்து
எட்டே முக்கால் பஸ்ஸில் பாலக்கோடு போய் இறங்கினேன்.
தக்காளி மண்டி முன்னால்
காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு
வெள்ளைச் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார்.
எத்தனை பெட்டி என்று யாரோ கேட்க,
"இன்னைக்கு நான் காய் கொண்டாரல" என்றார்,
பெண் பார்க்க வந்தவர் மாதிரி.
செவ்வாய்க்கிழமை.
நல்ல காரியம் எதற்கும் அவர் வெளியே கிளம்பாத நாள்.

பத்திரம் எழுதும் நஞ்சப்பன் கடையில்
ஃபேன் கம்ப்யூட்டர் பக்கம் மட்டும்தான் திரும்பும்.
"சுயார்ஜிதமா, பிதுரார்ஜிதமா?"
"நான் சம்பாதிச்சது."
ஆலைக்குக் கரும்பு வெட்டிய பத்தொன்பது வருஷம்
அந்த இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது.
சர்வே நம்பர் கேட்டபோது என்னைப் பார்த்தார்.
நூற்றுப் பதினெட்டு பை நாலு பி, என்றேன்.
ஒரு ஏக்கர் முப்பத்திரண்டு சென்ட்.
சக்குபந்தியும் என்னிடமே கேட்டார்கள்.
வடக்கே வண்டிப்பாதை.
கிழக்கே சென்றாயன் வகையறா புளியந்தோப்பு.
மேற்கே வேடியப்பன் கோயில் மானியம்.
தெற்கே ஓடை.
தண்ணி இருக்கோ இல்லையோ, ஓடைன்னே போடுங்க.
கிணற்றில் ஐந்தில் ஒரு பங்கு,
செவ்வாய் ராத்திரி தண்ணீர் முறை,
அஞ்சு எச்பி மோட்டார்,
தொள்ளாயிரம் அடி போர் ஒன்று.
அதில் என் வளையல் இரண்டும் இறங்கி
எழுநூற்று இருபதாவது அடியில்
ஈர மண்ணாக மேலே வந்ததை நான் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல நஞ்சப்பன் தட்டினார்.
வகுப்பில் ஒருத்தி மட்டும் பதில் சொல்கிற பெருமை
கொஞ்சம் இருந்தது எனக்கு. மறைக்க மாட்டேன்.

"சாட்சி ரெண்டு பேரு?"
"ஒண்ணு என் பொண்ணு. எழுத்து அச்சடிச்சாப்ல இருக்கும்."
நஞ்சப்பன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.
"சொத்து வாங்கறவங்க சாட்சி போட வேணாங்க.
பின்னால வம்பு."

அப்பா முழங்காலில் வேட்டியை நீவினார்.
நீவின இடத்தையே இன்னொரு தரம் நீவினார்.
"அவ போடலாம்" என்றார்.

பிரிண்டர் இரண்டு தாள் இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.
'என் ஏக புத்திரன் சிவராஜ் என்பவருக்கு'
என்கிற வரியை
எழுத்துப்பிழை இருக்கிறதா என்று
என்னையே படித்துப் பார்க்கச் சொன்னார்கள்.
இருந்தது. தென்னைக்கு ஒற்று விட்டுப்போயிருந்தது.
சொன்னேன்.

இரண்டாவது சாட்சிக்கு
ஜெராக்ஸ் கடைப் பையனைக் கூப்பிட்டார்கள்.
தெய்வானை, தகப்பனார் பெயர் மாதையன், வயது நாற்பத்து மூன்று.
அச்சடித்தாற்போல்தான் போட்டேன்.
சப் ரிஜிஸ்டரார் அறையில் போட்டோ எடுக்குமுன்
அவர் கழுத்துப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன்.
"யாராவது வற்புறுத்தினாங்களா பெரியவரே?"
"யாருமில்லைங்க."
அதுவும் உண்மை.

கமிஷனை எண்ணிக்கொண்டே நஞ்சப்பன் சொன்னார்:
"சாட்சிக்கு வயசு கம்மியா இருக்கறது நல்லதும்மா.
இவரு காலத்துக்கு அப்புறம் யாராச்சும் கேஸ் போட்டா
நீதான் கூண்டுல ஏறிச் சொல்லணும்,
நல்ல நெனப்போடதான் எழுதினாருன்னு."
அப்பா தலையாட்டினார்.
ஆக, எனக்கும் ஒன்று இருக்கிறது.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார்.
வேர்க்கடலை வாங்கி, உரித்து உரித்து
என் கையில் வைத்துக்கொண்டே வந்தார்.
பத்திரப் பை என் மடியில்.
அவர் வைத்திருந்தால் எங்காவது விட்டுவிடுவார்.
மாரண்டஹள்ளியில் இறங்கும்போது கேட்டார்:
"ராத்திரி தண்ணி கட்ட வர்றியா?
டார்ச் வெளிச்சத்துல எனக்கு வாய்க்கா தெரிய மாட்டேங்குது."

கிழமை மறக்கவில்லை.
முறை மறக்கவில்லை.
நல்ல நினைவுதான்.