ஐம்பத்தைந்து பவுண்டு

தீர்ப்பில் படகு மார்லிஸுக்கு,
எஞ்சின் டுவேனுக்கு.
மின்னசோட்டாவில் இருந்தும்
நீதிபதி மீன் பிடித்ததில்லை போலும்.

கடைச் சுவரில் மின் மோட்டார்கள்,
ஒற்றைக்கால் நாரைகளாக.
"படகு எத்தனை அடி?"
"பதினாறு."
"தண்டு குட்டையானால்
அலையில் விசிறி மேலே வந்து காற்றைக் கடையும்."
"நீளமானதே கொடு."
"எத்தனை பேர் ஏறுவீர்கள்?"
விரலை மடக்கப் போனவள் நிறுத்தினாள்.
"ஒருத்தி. ஒரு வாளி இரைமீன்."
"அப்போ ஐம்பத்தைந்து பவுண்டு உந்துவிசை தாராளம்.
எண்ணூறு டாலர் கூடப் போட்டால்
ஜிபிஎஸ் நங்கூரம்,
எந்தக் காற்றிலும் நின்ற இடத்திலேயே நிற்கும்."
"பதினெட்டு வருஷம்
அந்த வேலையை நான்தான் பார்த்தேன். வேண்டாம்."

மிச்சப் பணத்துக்கு பேட்டரி.
அதைத் தூக்கும்போது மட்டும்
இடுப்பு அவன் பெயரைச் சொன்னது.

மே மாதம், மீன்பிடி தொடங்கும் நாள், இருள் பிரியவில்லை.
மிதியை அழுத்தினாள்.
தண்ணீருக்கே தெரியாமல் நகர்ந்தது படகு.

மூடுபனிக்கு அப்பால் யாரோ
எஞ்சின் கயிற்றை இழுக்கிறார்கள்.
இருமல்.
மறுபடி இழுப்பு. இருமல்.
அந்த இருமல் அவளுக்குத் தெரியும்,
சோக்கைப் பாதி தள்ளினால் கிளம்பிவிடும்.

கூப்பிடு தூரம்தான்.

தூண்டில் நுனி வளைந்தது.