புள்ளி வைக்காத கையெழுத்து

பாம்பன் சின்னப்பாலத்தில்
ஐஸ் கம்பெனிக்காரர் என்னிடம் காசு வாங்குவதில்லை.
"ரத்தத்துக்குத்தானே, எடுத்துட்டுப் போங்க" என்பார்.
மீனுக்கு உடைத்த கட்டிகளின் நடுவே
ஊதா மூடி போட்ட குழாய்கள் நாற்பது.
மதுரை போய்ச் சேரும்வரை
தெர்மாக்கோல் பெட்டியில் வாளை மீன் வாடை.
மூக்கைப் பொத்தும் ஆய்வு மாணவர்களுக்கு
இருபத்திரண்டு வருடமாக ஒரே பதில்:
மைனஸ் எண்பதில் எதற்கும் வாடை கிடையாது.

நம்புத்தாய். நம்புச்செல்வி.
ஒரே சூல், ஒரே முகம்,
நாலு நிமிட இடைவெளி.
விரல்களில் கிழிதுணி சுற்றிக்கொண்டு
தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர்கள்;
வனத்துறைப் படகின் சத்தம் கேட்டால்
தலையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்கிறவர்கள்.
என் கோப்பில் ரா-17-அ, ரா-17-ஆ.

முப்பத்தெட்டில் மூத்தவளுக்குக் கட்டி.
பாசி மூட்டை உரசிய வீக்கம் என்று
ஆறு மாதம் விட்டுவிட்டாள்.

எழுத்தெழுத்தாகப் படித்தேன்.
பதினேழாம் குரோமோசோமில் ஓர் எழுத்தும் தப்பவில்லை.
தங்கைக்கும் அதே வரி, அதே வரி.
மூன்று வருட நிதி இரண்டு சொல்லில் தீர்ந்தது:
பிழை இல்லை.

பிறகுதான் புள்ளிகளைத் தேடினேன்.

ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைக்கவில்லை,
குத்தினால் ஓலை கிழியும்.
எது உயிர்மெய், எது வெறும் மெய் என்று
படிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும்.
அப்படி ஒரு சுவடியைத்தான்
இத்தனை நாள் புரட்டியிருக்கிறேன்.
பைசல்பைட்டில் ஊறவைத்தால்
புள்ளியில்லாத எழுத்து உருமாறிப்போகும்,
புள்ளி வைத்தது மட்டும் அப்படியே நிற்கும்.
இரவு இரண்டே காலுக்குத் திரையில் நின்றது.
அக்காவின் காவல் மரபணுவுக்கு முன்னால்
கொத்துக் கொத்தாய்ப் புள்ளி.
எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது,
உயிர் மட்டும் நீங்கி.

சந்தோஷப்பட்டேன். மறைக்க என்ன இருக்கிறது.
ஆறு மணிக்கு கேன்டீன் திறந்ததும்
இரவுக் காவலாளி உட்பட எல்லோருக்கும் வடை.
அதே காலையில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில்
அவளுக்கு நாலாவது ஊசி.

"அந்தப் புள்ளிய அழிக்க முடியாதா?"
செல்விதான் கேட்டாள், மணலில் பாசியை உதறிப் போட்டபடி.
ரத்தப் புற்றுக்கு அப்படியொரு மருந்து உண்டு.
இந்தக் கட்டி அதற்கு மசியாது.
அதைச் சொல்லும் சொற்களை
எந்தக் கருத்தரங்கிலும் நான் பழகியதில்லை.
"அவ தின்னதத்தான் நானும் தின்னேன்.
அவ முங்குன தண்ணியிலதான் நானும் முங்குனேன்.
அவளுக்கு மட்டும் யாரு வெச்சது?"
யாரும் வைக்கவில்லை என்றேன்.
எனக்குத் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம்.
அவளுக்குப் புரிந்துவிட்டது.
ஈரப் பாசி ஒரு கொத்தை என் செருப்பருகே போட்டாள்,
கோபமா, இடமில்லாமலா, இன்றுவரை தெரியாது.

கட்டுரை வந்தது. படம் மூன்றில் இரண்டு வரி வட்டங்கள்:
புள்ளி இருந்தால் கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை.
மேல் வரி முழுக்கக் கறுப்பு.
அச்சில் வந்த மாதம் மேல் வரிக்குரியவள் இல்லை.
கீழ் வரிக்காரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை;
போன தடவை வரவில்லை,
கடல் நல்லாயிருந்தது என்று சொல்லியனுப்பினாள்.

நேற்று பழைய ஒப்புதல் படிவங்களை ஸ்கேன் செய்ய எடுத்தேன்.
செல்வி மூன்று புள்ளியும் அழுத்தி வைத்ததில்
பேனா தாளைத் துளைத்திருக்கிறது.
அக்கா எழுதியிருந்தது:
நமபுததாய.
ஒரு புள்ளிகூட இல்லை.

இதில் எதையும் தேடாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
மாதிரி எண்ணிக்கை இரண்டு.
அதுவும் தலைகீழ்ப் பொருத்தம்.
எந்த நடுவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.
இருந்தும் மூடியை இறக்குமுன்
ஸ்கேனர் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன்,
தூசி ஏதும் ஒட்டியிருந்து
அவள் பெயரின் மேல் புள்ளியாக விழுந்துவிடக் கூடாதே என்று.