சலவை அறையில் செமார்

குவைத், சால்மியா. ஆகஸ்ட். இரவு பதினொன்றரை.
மின்விசிறி இல்லாத சலவை அறையில்
முதலாளியின் நாளைய திஷ்தாஷா
கொடியில் கைவிரித்துத் தொங்குகிறது.

இஷா தொழுதுவிட்டு வந்தாள் வாகினெம்.
சலவைத்தூள் அட்டையை
மீன் நறுக்கும் கத்தரியால் வெட்டி
கபாப் கம்பியில் குத்தி வைத்திருந்தாள்
ஒரு தொப்பைக்காரனை.
முன்நெற்றியில் ஒற்றைக் குடுமி.
பின்புறம் மட்டும் தாராளம்.

யாரிது என்றேன், அடுப்படி அரபியில்.
செமார் என்றாள்.
பாண்டவர் வீட்டு வேலைக்காரன்.

பதினெட்டு நாள் பாரதக் கூத்தும் விடியவிடியப் பார்த்தவன் நான்.
இப்படியோர் ஆளைக் கேள்விப்பட்டதில்லை.
அர்ச்சுனன் வேட்டியைத் துவைத்தது யாரென்று
கேட்டதும் இல்லை.

பாதி அரபியில், பாதி கையால் சொன்னாள்:
இவன் சிவனுக்கு அண்ணன்.
பந்தயத்தில் மலையை விழுங்கி, கக்க முடியாமல்
அந்த வயிற்றோடு மண்ணுக்கு இறங்கியவன்.
கும்பிட ஆளில்லை, கூப்பிட எல்லோரும்.
தேவர்கள் தப்பு செய்தால் மட்டும்
மேலேறிப் போய்க் கேட்பான்.

ஆயுதம்?

வாயைப் பொத்திக்கொண்டாள்.
பிறகு சொன்னாள்: குசு.

சமையல்காரர் கொண்டய்யா
தக்காளிப் பெட்டியிலிருந்து சரிந்தே விட்டார்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.
அதுதான் மலை. ஆட்டம் தொடங்குவதும் முடிவதும் அதில்.
கொடியிலிருந்த துணிக்கிளிப்புகள் தேவர்கள்.
கைப்பேசி விளக்கை என்னைப் பிடிக்கச் சொன்னாள்.

திஷ்தாஷாவின் மார்பில் நிழல் விழுந்தது.
'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' அச்சடித்த வயிறு
கறுத்து, மூச்சு வாங்கியது.
அவள் ஜாவா மொழியில் பேசினாள், மூன்று குரலில்,
எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.
நடுவில் ஒரேயொரு அரபிச் சொல்:
ராத்திப்.
சம்பளம்.

மலையருகே செமார் திரும்பி நின்றான்.
அவள் உதட்டால் ஊதினாள்.
துணி ஒருமுறை படபடத்தது.
இரண்டு தேவர்கள் கழன்று தரையில் விழுந்தார்கள்.

பன்னிரண்டரைக்கு அதே மலையைச் சூடாக்கி
நிழல் இருந்த இடத்தின்மேலேயே
கஞ்சி தெளித்துத் தேய்த்தாள்.

காலை ஆறரை. பின்னிருக்கையில் முதலாளி,
கண் கூசும் வெள்ளை.
கண்ணாடியில் பார்த்தேன்.
மார்பில் ஒன்றுமில்லை.
ஒரு மடிப்புகூட இல்லை.

ஏன் சிரிக்கிறாய் என்றார்.

ஒன்றுமில்லை பாபா என்று
ஜன்னலை
இரண்டு விரற்கடை இறக்கினேன்.