சேரலேன்னா மாத்தலாம்

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ரொக்க வரிசைக் கூண்டு.
ஒரு லாரி நின்று கிளம்புவதற்குள்
இரண்டு முறை செத்திருப்பேன்.

வாயு என்றார் காவேரிப்பட்டணத்து டாக்டர்.
ஈசிஜி எடுத்தவர்
"நல்லாத்தானேம்மா இருக்கு" என்று எரிந்து விழுந்தார்,
இருதயத்துக்கு நான்தான்
பொய் சொல்லிக் கொடுத்ததுபோல.
தைராய்டு பார்த்தாயிற்று. எக்கோ.
தாயத்துக்கு எண்ணூறு.
ஓசூரில் கொடுத்த மாத்திரையில்
தூங்கி வழிந்து
ஐந்நூறுக்குப் பதில் இரண்டாயிரம் மிச்சம் கொடுத்தேன்.
சம்பளத்தில் பிடித்தார்கள்.

தெரிந்தவர் இருக்கமாட்டார்கள் என்றுதான்
தர்மபுரி பெரியாஸ்பத்திரி வரை போனேன்.
மனநலப் பிரிவு பெஞ்சில்
எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் முனிரத்தினம்.
இரண்டு பேரும்
ஓடாத ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வர்றதுக்கு முன்னாடி
என்ன நினைப்பீங்க?"
ஏழு டாக்டர்,
ஒருவரும் கேட்டதில்லை இதை.
சொல்லச் சொல்ல எழுதினார் அந்தம்மா.
முதல் வாரம் அரை,
பிறகு முழுசு.
"உடனே தெரியாது, மூணு நாலு வாரம் ஆகும்.
சேரலேன்னா மாத்தலாம்."
மாத்தலாம்.
பஸ்ஸில் தொண்டைக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பதினெட்டாம் நாள்.
மாங்காய் லோடு ஒன்று
காதருகே ஹாரன் அடிக்கிறது.
நெஞ்சு
தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்துக்கொள்கிறது,
ஒரு கண்ணை மூடாமல்.

காலையில் முனிரத்தினம்
கால் லிட்டர் கூடவே ஊற்றினார்.
கேட்கவில்லை.